பனி விழாத சான்றிதழ்

அறுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு மின் நிலையம் கட்டுவதற்காக வெளிநாட்டு வங்கி ஒன்றிடம் கடன் கேட்டிருந்தோம். திட்ட அலுவலகத்தில் நான் குமாஸ்தா. கட்டடத்துக்கு என்னென்ன ஆபத்து வரலாம் என்று கேட்டு வங்கி ஒரு படிவம் அனுப்பியது. பூகம்பம், வெள்ளம், கலவரம் எல்லாம் நிரப்பியாயிற்று. 'ஸ்னோ' என்ற கட்டத்துக்கு மட்டும் உள்ளூர் அதிகாரியின் சான்றிதழ் வேண்டுமாம்.

கிராமக் கர்ணத்திடம் போனேன். "இங்க பனி விழாதுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கய்யா."

அவர் பேனாவை மூடிவிட்டார். "இன்னா நைனா, மார்கழில காலங்காத்தால வெளிய போனா தலையே நனைஞ்சிபூடுது. பொய் எழுதிட்டு வேலைய உட்டுட்டுப் போவச் சொல்றியா?"

"அந்தப் பனி இல்லீங்க. வெள்ளையா வானத்துலேர்ந்து கொட்டுமே, அது."

"அது ஆலங்கட்டி. போன வருசம் வுழுந்து என் ஊட்டு ஓடே ஒடைஞ்சிது."

கடைசியில் 'மார்கழி, தை மாதங்களில் பனி அதிகம். ஆலங்கட்டியும் உண்டு' என்று எழுதி முத்திரை குத்தினார். வேர்த்துக் கொட்டக் கொட்ட வாங்கி வந்தேன்.

அதை ஆங்கிலத்தில் மூடுபனியைக் குறிக்கும் 'மிஸ்ட்' என்று மொழிபெயர்க்கப் பார்த்தேன். மேலாளர் விடவில்லை. அகராதியைப் புரட்டி, பனி என்றால் ஸ்னோ என்று எனக்குக் காட்டினார். "சர்க்கார் முத்திரை இருக்கு. நாம திருத்தக் கூடாது."

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. கூரை பனியின் எடையைத் தாங்குமா? இங்கே வெயில்தான் என்று பொறியாளர் விளக்கி எழுதினார். அரசு அலுவலர் ஒன்று சொல்ல, நீங்கள் வேறொன்று சொல்வதே பெரிய ஆபத்து என்றது வங்கி. வேலை போய்விடும் என்று வீட்டில் சொல்லியே விட்டேன்.

பொறியாளர் அலுத்துப்போய்க் கூரைக்குக் கூடுதல் இரும்பு சேர்த்தார். செலவு ஏறியது, அதற்கும் சேர்த்தே கடன் கொடுத்தார்கள். முன்யோசனைக்காக மேலாளரைப் பாராட்டி ஒரு கடிதமும் வந்தது. அதை அவர் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்.

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. அதன்படி எழுபதுகளில் ஒவ்வொரு தை மாதமும் நான் ஏணி வைத்துக் கூரைமேல் ஏறினேன். தகரம் காலைச் சுட்டது. இறங்கி வந்து, 'இவ்வாண்டு பனி தேங்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.