நான் நோயாளியாகப் படுத்த பரீட்சை

என் முட்டாள்தனத்துக்கும் எனக்கும் ஒரே வயது; ஜெர்மனியில் மருத்துவ மாணவர்களின் பரீட்சைக்கும் அது என்னோடு வந்திருந்தது. புத்தகப் படிப்பு மட்டும் போதாது, ஆளைத் தொட்டுப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது இப்போதைய சீர்திருத்தமாம். அதற்காக என்னைப் போன்றவர்களைக் கூலிக்கு நோயாளியாக நடிக்கப் படுக்க வைக்கிறார்கள்; இந்த வழக்கம் அமெரிக்காவில் தொடங்கியதாம். எனக்குத் தந்த நோய் குடல்வால் அழற்சி.

பரீட்சைக்கு உள்ளே வந்த மாணவி ஒரு தமிழ்ப் பிள்ளை. எங்கட பிள்ளையைக் கைவிடலாமா? அவள் வயிற்றைத் தொட்டதுமே, "ஐயோ அம்மா! குடல்வால், பிள்ளை, குடல்வால்!" என்று தமிழில் அலறினேன்.

ஜெர்மன் பேராசிரியை பேனையை வைத்துவிட்டு, நான் என்ன சொன்னேன் என்று அவளிடமே கேட்டார். அவள் உள்ளதைச் சொன்னாள். பரீட்சை அந்த இடத்திலேயே செல்லாமல் போனது. இனி அவள் அடுத்த தவணையில்தான் மறுபடி பரீட்சை எடுக்கலாம்.

சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே அவளுக்குப் பின்னால் ஓடினேன்.

"பிள்ளை, ஒரு உதவிக்குத்தானே சொன்னனான்."

"எனக்குத் தெரியாதெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

அவள் பார்த்த பார்வையில் எனக்கு உண்மையாகவே வயிறு வலித்தது.

"கோவிக்காதை பிள்ளை. அடுத்தமுறை வாயே திறக்காமல் படுக்கிறன்."

"செத்தாலும் வராதேங்கோ, அங்கிள்."