தரையில் வைக்கக் கூடாத தட்டுகள்

இப்போதும் ஈப்போவில் சாலை விளக்குக்காக நிற்கும்போது, உயரம் கூட்டிய பிக்கப் ஒன்று பக்கத்தில் வந்து நின்றால் என் கண் அதன் பளபளப்புக்குப் போவதில்லை. அதன் அடியில் இருக்கும் வெற்றிடத்துக்குத்தான் போகிறது. ஓர் ஆள் தாராளமாகப் படுக்கலாம். பச்சை விளக்கு விழும்வரை அங்கிருந்து கண்ணை எடுக்க முடியாது.

நான் தொடக்கப்பள்ளியில் படித்த காலம். வீடு ஈப்போவுக்குப் பக்கத்தில், லகாட்டில். அப்பாவின் தம்பியான என் சித்தப்பா ஒரு பழைய பிக்கப்பை வாங்கி, பட்டறையில் விட்டு, ஸ்பிரிங்குகளை மாற்றி, கிட்டத்தட்ட லோரிச் சக்கரம் அளவுக்குச் சக்கரங்களை மாட்டியிருந்தார். அதில் ஏற முக்காலி வேண்டும். முக்காலியை யாராவது பிடித்துக்கொள்ளவும் வேண்டும்.

"கட்டிக்கப் போற பொண்ணுக்கு ஏணியும் சேத்து வாங்கிட்டியாடா?" என்பார் அப்பாவின் அக்கா, என் அத்தை.

"வெள்ளம் வந்தா நீங்கதான்கா மொத ஆளா இதுல ஏறுவீங்க, பாருங்க" என்பார் சித்தப்பா.

சிலிம் ரிவருக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் அவருக்குப் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. பரிசம் போடப் போகும் நாளில் மாப்பிள்ளையே வண்டியோட்டி. அவர் பக்கத்தில் அப்பா. பின் இருக்கையில் அத்தை, அம்மா, நான். எங்கள் மடியிலும் கால்மாட்டிலும் சீர்த்தட்டுகள்: பட்டுச்சேலை, தேங்காய், வெற்றிலை பாக்கு, கற்கண்டு, ஆப்பிள், ஆரஞ்சு. அத்தைதான் எல்லாவற்றையும் ஜிகினாத் தாள் சுற்றி அடுக்கியவர். வீட்டு வாசலைத் தாண்டிய தட்டு பெண் வீட்டுக் கூடத்தில்தான் இறங்க வேண்டும், நடுவில் எங்கேயும் தரை படக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். வழியில் தேநீர் குடிக்க நிறுத்தியபோதுகூட அவர் இறங்கவில்லை. ஜன்னல் வழியாகத்தான் குடித்தார்.

பெரிய சாலையை விட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்குள் செம்மண் பாதையில் திரும்பிய சிறிது நேரத்தில் பின்சக்கரம் ஒன்று வெடித்தது. வண்டி ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போய் நின்றது. சித்தப்பா இறங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பத்து நிமிசத்துல மாத்திரலாம். யாரும் எறங்க வேண்டாம்."

அம்மா என்னைத் தூக்கி, கீழே இறங்கியிருந்த அப்பாவிடம் கொடுத்துவிட்டுத் தானும் இறங்கினாள். "அக்கா, நீங்களும் வாங்க. ஆள உள்ள வச்சிக்கிட்டா வண்டியத் தூக்குவாங்க?"

"தட்ட எங்கம்மா வக்கிறது? மண்ணுலயா?" என்றார் அத்தை. "நல்ல காரியத்துக்குப் போற நேரத்துல நீ வேற."

"அக்கா இருக்கட்டும் அண்ணி. ஜேக் தாங்கும்லா" என்றார் சித்தப்பா.

வண்டியைத் தூக்கும் ஜேக் தாங்கியிருக்கும். ஆனால் எட்டவில்லை. வண்டியின் உயரத்தைக் கூட்டியவர் ஜேக்கை மாற்றவில்லை. வண்டியின் அடியில் உள்ள இரும்புச் சட்டம் எங்கோ மேலே இருந்தது. ஜேக் அதன் பாதி உயரம்கூட வரவில்லை. சித்தப்பா பாதை ஓரத்தில் கிடந்த பழைய ரப்பர் மரக்கட்டையை உருட்டி வந்து, அதன்மேல் ஜேக்கை நிறுத்தினார். உருண்டைக் கட்டை. அப்பா அதைக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார். வண்டி மெல்ல மெல்ல எழும்பியது. ஜன்னலில் அத்தையின் முகமும் அதனோடு எழும்பியது.

கிழிந்த சக்கரம் கழன்று வந்ததும் சித்தப்பா அதைப் புல்லில் தள்ளினார். அம்மா கட்டியிருந்த பட்டுச்சேலையோடு போய் அதை நிமிர்த்தி, உருட்டிக்கொண்டு வந்து, வண்டிச் சட்டத்துக்கு அடியில் படுக்கப்போட்டாள். கையெல்லாம் கரி.

"என்னா அண்ணி, பஞ்சர் டயருக்குப் பாய் விரிக்கிறீங்களா?"

"அது அங்க கெடக்கட்டும் தம்பி. ஒங்களுக்கு என்னா நட்டம்?"

மாற்றுச் சக்கரம் காற்று நிறைந்து பருத்திருந்தது. அதை மாட்ட இன்னும் கொஞ்சம் உயரம் வேண்டியிருந்தது. ஜேக் அதன் எல்லைக்கு வந்துவிட்டிருந்தது. கட்டைக்கும் ஜேக்குக்கும் நடுவில் ஒரு பலகைத் துண்டைச் செருக இடமிருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் சித்தப்பா மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார். பரிசத்துக்காகத் தைத்த வெள்ளைச் சட்டை முழுவதும் மறைந்தது. வெளியே கால்கள் மட்டும் தெரிந்தன.

அப்போது வண்டிக்குள் ஆப்பிள் தட்டு சரிந்தது. வண்டி சாய்ந்திருந்தது அல்லவா. அது தரையில் விழுந்துவிடாமல் பிடிக்க அத்தை மறுபக்கம் எட்டித் தாவினார்.

கட்டை உருண்டது. ஜேக் தெறித்துப் பாதையோர வாய்க்காலில் விழுந்தது. வண்டி இறங்கிய சத்தம் நான் எதிர்பார்த்ததுபோல் பெரியதாக இல்லை. ஒரு மூட்டையைப் போடுவதுபோல், ஒரே ஒரு தடவை. ஆப்பிள் ஒன்று கதவிடுக்கு வழியாக விழுந்து என் காலருகே வந்து நின்றது. சித்தப்பாவின் கால்கள் அசையவில்லை. அப்பா அந்தக் கால்களருகே மண்டியிட்டார்.

பிறகு ஒரு செருப்பு அசைந்தது.

வண்டியின் சட்டம் கிழிந்த சக்கரத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. அந்தச் சக்கரத்தின் தடிமன் அளவுதான் சித்தப்பாவுக்கு மிஞ்சிய இடம். அப்பா காலைப் பிடித்து இழுக்க, அவர் பக்கவாட்டில் ஊர்ந்து வெளியே வந்தார். சட்டைப் பொத்தான்கள் பிய்ந்திருந்தன. எழுந்து நின்று, என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

அம்மா அவரைக் கன்னத்தில் அறைந்தாள்.

அம்மா யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை, என்னைக்கூட. சித்தப்பா கன்னத்தைத் தொடவில்லை. "அடியே, மாப்பிள்ளைய அடிக்கிறியே!" என்று உள்ளேயிருந்து அலறினார் அத்தை. அம்மா கதவைத் திறந்து, அத்தையின் மடியிலிருந்த தட்டைப் பிடுங்கினாள். அதைக் கொண்டுபோய்ச் செம்மண்ணில் வைத்தாள். அடுத்த தட்டு. அடுத்தது. கடைசியில் அத்தையின் கையைப் பிடித்து இறக்கி, தட்டுகளுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார வைத்தாள். அத்தைக்கு மூச்சு வாங்கியது.

இரண்டாம் முறை எல்லாம் மெதுவாக நடந்தது. மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அப்பா கல் வைத்தார். சித்தப்பா சட்டத்தை விட்டுவிட்டு, சக்கரங்களைச் சேர்க்கும் அச்சுக்கு அடியில், ஒரு தட்டையான பலகைமேல், வாய்க்காலிலிருந்து எடுத்த ஜேக்கை வைத்தார். அச்சு தாழ்வாகத்தான் இருந்தது. கட்டையே தேவைப்பட்டிருக்கவில்லை. "இங்கயே வச்சிருக்கலாம்லா" என்று அவர் சொன்னார்.

பெண் வீட்டில் எல்லாரும் வாசலுக்கே வந்துவிட்டார்கள். ஏன் இவ்வளவு நேரம் என்றதற்கு, "ரோட்டுல ஜேம்" என்றார் அப்பா. சட்டையில் மண் எப்படி என்று கேட்டவர்களிடம் பஞ்சர் என்றார் சித்தப்பா. இரண்டு பதிலையும் கேட்டு அவர்கள் சிரித்தார்கள். அத்தை தட்டுகளின் அடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து உள்ளே கொடுத்தார். மண் பட்ட தட்டால் ஏதாவது நடந்துவிடுமோ என்று நான் கூடத்துச் சாமிப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மைக்கில் பெயர்களைப் படித்தார்கள், பலகாரம் கொடுத்தார்கள்.

பெண் தேநீர் கொண்டுவந்தார். ரோஜாநிறச் சேலை, தலை நிறையப் பூ, சித்தப்பாவைப் பார்க்காமல் பார்க்கும் ஒரு சிரிப்பு. அம்மா கோப்பையை எடுத்தாள். குடிக்காமல் அந்தப் பெண்ணின் தலையில் இருந்த பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, ஒடம்பு முடியலியா?" என்று அந்தப் பெண் குனிந்தார்.

அம்மா கோப்பையை வைத்துவிட்டு அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். புது வளையல்களோடு சேர்த்துப் பிடித்தாள். "ஒண்ணுமில்லம்மா" என்றாள். ஆனால் விடவில்லை. மற்றவர்களுக்குத் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணும் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார்.

அந்தப் பெண், அம்மா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்த யாரோ ஒருவர். கண்முன்னால் வண்டி விழுந்ததைப் பார்த்தவள் நான். என் கையை அம்மா அன்று ஒருமுறைகூடப் பிடிக்கவில்லையே என்று எனக்குக் கோபமாக வந்தது.