அப்பா திருப்பிக் கொடுக்கச் சொன்ன ஆணி

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர், எங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் அலமாரியின் மேல்தட்டைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்கிறீர்கள்: "அது இன்னும் இங்கதான் இருக்கா?" அப்பாவின் இடுப்பு எலும்பில் வைத்திருந்த எஃகு ஆணியைப் பற்றித்தான் கேட்டீர்கள். அம்மா பதில் சொன்னதில்லை. அப்பாவின் வாழ்க்கையை எழுதும்போது அந்தப் பதிலையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

அப்பா மண்ணிவாக்கத்தில், பிறர் நிலத்தில் உழைத்த குடும்பத்தில் பிறந்தார். தம் தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தார். தாம்பரம் மின்சார ரயில் பணிமனையில் கலாசியாக, அதாவது உதவியாளாகச் சேர்ந்து, ஃபிட்டராக ஓய்வு பெற்றார். தம் தங்கையைக் குரோம்பேட்டையில் மணம் முடித்துக் கொடுத்தார். என் அண்ணனைப் படிக்க வைத்தார். "பொம்பளப் புள்ளைக்கு இருட்டு ரூம்ல இன்னா வேலை?" என்று ஊரே கேட்டபோதும் என்னை எக்ஸ்ரே பயிற்சிக்கு அனுப்பினார்.

பணிமனையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த பித்தளை வில்லை கொடுத்திருப்பார்கள். கருவி வேண்டுமென்றால் ஸ்டோரில் வில்லையைக் கொடுத்து வாங்க வேண்டும். வில்லை அங்கே கொக்கியில் தொங்கும். கருவியைத் திருப்பிக் கொடுத்தால்தான் அது கைக்கு வரும். அதுவரை கேட்டைத் தாண்ட முடியாது. யாரோ எங்கேயோ வைத்த ஸ்பேனரைத் தேடி அப்பா தாமதித்த நாள்களில், அம்மா வாசற்கதவைத் தாழிடாமல் காத்திருப்பார். எங்கள் வீட்டில் எங்கும் பணிமனையின் ஒரு திருகாணியைக்கூட நீங்கள் பார்த்திருக்க முடியாது.

ஓய்வுக்குப் பிறகு ஒரு காலை, மண்ணெண்ணெய் வரிசை நகர்ந்தபோது முன்னால் நின்றவரின் டின் இடறி அப்பா விழுந்தார். தாம்பரத்தில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கே தூக்கி வந்தார்கள். இடது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. படம் எடுக்குமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று பணியில் வேறு யாரும் இல்லாததால் நானே எடுத்தேன்.

"இந்த வயசுல கத்தி எதுக்கு? கட்டு போட்டுப் படுக்க வெச்சா தானா சேந்துடும்" என்றார் பல்லாவரம் சித்தப்பா. எங்கள் மருத்துவமனையிலிருந்து அனுப்பி வைத்த நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் எலும்பு டாக்டர் வேறு விதமாகச் சொன்னார்: "முன்னெல்லாம் கால்ல எடை கட்டி மாசக்கணக்கா படுக்க வெப்போம். எலும்பு சேரும், ஆள் தேறமாட்டார். ஆணி வெச்சா சீக்கிரம் உட்கார வெக்கலாம்." அப்பா யாரையும் பார்க்காமல் தாமே கையெழுத்திட்டார்.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். சாம்பல் நிற எலும்புக்குள் ஆணி வெள்ளையாக ஒளிர்ந்தது.

"இன்னாம்மா ஸ்டீலு இது? துரு புடிக்குமா?"

"பிடிக்காதுப்பா."

"நேராதான் அடிச்சிருக்காரு. நம்ம ஷெட்டுக்கு வந்தா கண்ண மூடிகினு வேலை குடுப்பாங்க."

அப்போது டாக்டரே வந்துவிட்டார். அப்பா விடவில்லை. "சார், இது உங்க ஸ்டோர் சாமான். வேலை முடிஞ்சா திருப்பிக் குடுக்கணும் இல்ல?"

"ஆமா பெரியவரே, பத்திரமா குடுத்துடணும்" என்று டாக்டர் சிரித்தார். வார்டே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்காமல் தலையை அசைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னவை: பகலில் நாற்காலியில் உட்கார வேண்டும், மூச்சை ஆழமாக இழுத்து விட வேண்டும், அந்தக் காலை ஊன்றாமல், கோல்களைப் பிடித்து எழுந்து நிற்க வேண்டும். பார்க்க வந்த நீங்கள் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தீர்கள். வாசலிலேயே "படுங்கண்ணே, எழுந்திருக்காதீங்க" என்றீர்கள். வந்தவர் சொல்லைத் தட்டாத அப்பா படுத்துக்கொண்டார். அவருக்காக நான் இழுத்துப் போட்ட நாற்காலியில் வந்தவர் உட்கார்ந்துகொண்டார். "பெத்த அப்பனயே ட்ரில் வாங்குறியே, கல்லு மனசுடி உனக்கு" என்று குரோம்பேட்டை அத்தை கண் கலங்கினார். எல்லாம் அன்பு. அதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை.

மழைக்காலத்தில் அப்பாவின் நெஞ்சில் சளி கட்டியது. மீண்டும் நான் வேலை பார்க்கும் மருத்துவமனை. காய்ச்சலில் நினைவு குழம்பி, என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே சொன்னார்: "வில்லை அங்கயே தொங்குது பாரும்மா. சாமானக் குடுக்காம கேட்ல விடமாட்டான்." நெஞ்சுக்கும் இடுப்புக்குமாக அவருடைய கடைசிப் படங்களையும் நான்தான் எடுத்தேன். இடுப்பில் எலும்பு அழகாகச் சேர்ந்திருந்தது. அந்தப் படங்கள் உலர்வதற்குள் அப்பா போய்விட்டார்.

மறுநாள் அண்ணன் பால் தெளித்து எலும்பு பொறுக்கப் போனார். சாம்பலைக் கிளறிய மயானத்து ஊழியர் திகைத்து நின்றாராம். "இன்னா சார், உள்ள கம்பி கீது?" சடங்கு செய்தவர் அது அஸ்தியில் சேராது என்று சொல்லிவிட்டார். அண்ணன் அதை வேட்டித் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். படத்தில் வெள்ளையாக மட்டுமே நான் பார்த்திருந்த பொருள், கையில் கருநீலமாக இருந்தது. அம்மா அதைக் கழுவித் துடைத்து, பிஸ்கட் டின்னில் போட்டு மேல்தட்டில் வைத்தார். அன்றிலிருந்து வாசற்கதவைத் தாழிடவும் இல்லை.

"அத வீட்ல வெச்சிருந்தா அண்ணன் எப்படிப் போவாரு? கடல்ல போட்டுடுங்க அண்ணி" என்றார் அத்தை.

"அவரு குடுக்கச் சொன்ன எடம் கடல் இல்ல" என்றார் அம்மா.

சிரிப்புக்குச் சொன்ன ஒரு பேச்சை எடுத்துக்கொண்டு எந்த முகத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போவது என்று அண்ணனும் நானும் தயங்கினோம். ஆணி டின்னிலேயே இருந்தது. எங்கள் வீடு தண்டவாளத்தை ஒட்டியது. ரயில் போகும்போதெல்லாம் டின் கடகடவென்று அதிரும். அம்மா கூடத்திலிருந்து நிமிர்ந்து பார்ப்பார். "ரயில் அதிர்வும்மா" என்பேன். வேலைநிறுத்தத்தால் எங்கள் பக்கம் ஒரு ரயிலும் ஓடாத ஒரு நண்பகலிலும் அந்தச் சத்தம் கேட்டது. நானும் கேட்டேன். காரணம் தேடினேன்; கிடைக்கவில்லை. அம்மா என்னைப் பார்த்தார். 

சென்ற வாரம் அம்மாவே டின்னை இறக்கினார். "தெவசத்துக்கு முன்னாடி குடுத்துடலாம்மா. ஒரு வருசமா கேட்லயே நிக்கிறாரு."

இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே டாக்டர்தான். ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொஞ்சம்கூட வளையல. எங்க வேலையில பழுதில்லம்மா. ஆணி வந்தப்புறம் நெறய பேர் இங்கேயிருந்து நல்லாத்தான் வீட்டுக்குப் போறாங்க. அங்க படுக்க வெச்சுடறாங்க, நெஞ்சுல சளி கட்டிடுது. நம்ம ஊர்ல அன்பே அப்படித்தான்" என்றார்.

அம்மா உள்ளங்கையை நீட்டினார். "வில்லையக் குடுங்க சார்."

நான் பணிமனை வழக்கத்தைச் சொன்னேன். டாக்டர் இம்முறை சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். "சாமான் வந்து சேந்துடுச்சும்மா. அவர் கிளம்பலாம்."

ஆகவே, உறவினர்களே, அது இப்போது எங்கள் வீட்டில் இல்லை.

அப்பாவைத் தூக்கி வந்த, வரிசையில் நின்ற முகம் தெரியாதவர்களுக்கும், டாக்டருக்கும், வார்டு சிஸ்டர்களுக்கும், பணிமனைத் தோழர்களுக்கும், சாத்துக்குடியோடு வந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒரு வேண்டுகோள் உண்டு. நம்மில் இன்னொருவர் இப்படி விழுந்து எழுந்தால், பார்க்கப் போகும்போது அவருடைய நாற்காலியில் உட்காராதீர்கள். அவரை உட்காரச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்று பேசுங்கள்.

ஆணியைக் கொடுத்த அன்று மாலை நாங்கள் திரும்பியதும் கடற்கரை நிலையத்துக்குப் போகும் பீச் ரயில் போனது. சுவர் அதிர்ந்தது. காலி டின் ஓசையின்றி இருந்தது. அடுத்த ரயில் போகும்வரை அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் வாசற்கதவைத் தாழிட்டார்.