நாற்பது நாள் பத்தியம்

"தண்ணி பத்தாது, இன்னொரு சொம்பு பிடிச்சுட்டு வாம்மா" என்று பிள்ளையைக் கூட்டி வந்த தாயை முதலில் வெளியே அனுப்பிவிடுவார் ஷரபுன்னிசா. மலைக்கோட்டைக்குக் கீழே, ஜவுளிக்கடைச் சந்தில் ஒற்றை அறை வீடு, குழாய் தெருக்கோடியில். தாய் வரிசையில் நின்று திரும்புவதற்குள், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பிள்ளையிடம் ஒவ்வொரு பேராகக் கேட்பார். எந்தப் பேருக்குப் பிள்ளை வாயடைத்துப் போகிறது என்று பார்த்துக்கொள்வார்.

பயந்த பிள்ளைகளுக்கு ஓதி ஊதுவது அவர் தொழில். இந்த 1958-ஆம் வருஷத்திலும் வெள்ளிக்கிழமை காலையில் எல்லாச் சாதியாரும் வருகிறார்கள். நாயைக் கண்டு பயந்த பிள்ளைக்கு ஒரு ஊது, ஒரு அதட்டல், கை நிறையப் பொட்டுக்கடலை. ஊதினால் தீராத பயமும் உண்டு. அதற்கும் "பயந்துட்டா" என்றுதான் பெற்றவர்கள் பேர் வைப்பார்கள். அதற்கு ஒரு பத்தியம் வைத்திருக்கிறார்: நாற்பது நாள் பிள்ளை தாயை விட்டு நகரக் கூடாது, ஆண் கை மேலே படக் கூடாது, சொந்தமானாலும். எந்த மார்க்கக் கிதாபிலும், புத்தகத்திலும் இல்லாத பத்தியம், அவரே கட்டியது. உள்ளதைச் சொன்னால் ஊர் பிள்ளையைத்தான் காறித் துப்பும். இந்தப் பொய் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று அவர் நினைக்காத நாளில்லை.

காட்டூர் பொன்னுத்தாய் தன் எட்டு வயது மகள் மாரியாயியை, பத்தியம் வைத்து அனுப்பிய இருபதாம் நாளே மறுபடி கூட்டி வந்தாள். பிள்ளை சோறு தொடவில்லை.

"பத்தியத்தை முறிச்சுட்டியா?"

"எங்க அண்ணன்கிட்டதான் விட்டேன், பாயம்மா. அவரு போடற சோத்துலதான் இருக்கோம். நான் நடவுக்குப் போனா இவளை யாருகிட்ட விடறது?"

"அப்ப உனக்கும் தெரிஞ்சுதான் இருக்கு."

பொன்னுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வெளிய சொல்லிடாதீங்க. நாளைக்கு இவளை யாரு கட்டிக்குவா? கயிறு ஒண்ணு கட்டி விடுங்க, போதும்."

ஷரபுன்னிசா கயிறு எடுக்க எழவில்லை. கோபமா, பயமா என்று அவருக்கே தெரியவில்லை.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. "நேரமாச்சு பொன்னுத்தாயி. பிள்ளைய அனுப்பு, முன்னால உக்கார வச்சுக்கறேன்" என்றான் அண்ணன் வீரமலை. மாரியாயி கதவுக்குப் பின்னால் ஒடுங்கினாள்.

கல்யாணமான நாள் முதல் அந்நிய ஆண் எதிரே நின்றறியாதவர் ஷரபுன்னிசா. தலையில் துணிகூட இல்லாமல் தெருவில் இறங்கி, சந்து முழுக்கப் பார்த்திருக்க, அந்தச் சைக்கிளின் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.