வாலுக்கு அடித்த சில்வர் பெயின்ட்

என் வீட்டுக்காரர் செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு விமானம் கட்டினார். சொன்னால் யாரும் நம்புவதில்லை. கட்டி முடிக்கிறவரைக்கும் நானே நம்பவில்லை. ஃபைபர் கிளாஸ் என்கிற கண்ணாடி நாரையும் பிசினையும் வைத்து ஒட்டிய, ஒற்றை ஆள் உட்காரும் விமானம். ஓட்டக் கற்றவர், அனுமதியும் வாங்கிவிட்டார். நான் போட்டது ஒரே நிபந்தனை: மேலே இருக்கிறவரைக்கும் அவர் குரல் எனக்குக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பறக்கக் கூடாது.

அதற்காக வாலுக்குள்ளேயே ஏரியல் கம்பியை வைத்து மூடினார். கண்ணாடி நார் ரேடியோ அலையை மறிக்காதாம், வெளியே எதுவும் நீட்ட வேண்டாமாம். அதில் பெருமை வேறு. கொல்லையில் சோதித்தபோது நன்றாகத்தான் பேசியது. பிறகு கருங்குழிக்கு அப்பால் வற்றிக் கிடந்த ஓர் ஏரிக்குக் கொண்டுபோனோம். அவர் விமானத்தில் உட்கார்ந்து பேசினார். இன்னொரு ரேடியோ செட்டோடு கரையில் நின்ற எனக்கு வெறும் கொரகொரப்புதான் கேட்டது.

பேட்டரியை மாற்றினார், கேபிளை மாற்றினார், பற்றவைத்த இடத்தையெல்லாம் பிரித்து மறுபடி பற்றவைத்தார். ம்ஹூம். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம். இது இப்படியே கிடந்தால் மனுஷன் தரையிலேயே இருப்பாரே! ஆனால் அவர் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

கடைசியில் கடுப்பாகி, ஒரு கம்பியை வாலுக்கு வெளியே கட்டிப் பேசினார். கணீரென்று கேட்டது.

"உள்ள வச்சா கேக்கல, வெளிய வச்சா கேக்குது. நடுவுல இன்னாதான் கீது?" என்றார்.

"பெயின்ட்டுதான் கீது," என்றேன்.

இரண்டு பேரும் கூட வந்திருந்த என் தம்பியைப் பார்த்தோம். லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். ஏரோப்ளேன் என்றால் மின்ன வேண்டும் என்று, கொல்லையில் சோதனை முடிந்த பிறகு அவன்தான் சில்வர் அடித்துக் கொடுத்தான்.

"இன்னாடா கலந்தே அதுல?"

"அலுமினியத் தூளு மச்சான். வாலுக்கு மட்டும் ஒரு கோட்டு சேத்தே அடிச்சேன்."

என் வீட்டுக்காரர் ஏரித் தரையில் உட்கார்ந்து சிரித்தார். ஏரியல் மேல் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்த கதைதான். தம்பி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே வாலைச் சுரண்டிச் சாதா வெள்ளை அடித்தான். விமானத்தை ஒரு சுற்று திருப்பித் திருப்பிப் பேசிப் பார்த்தோம். எந்தப் பக்கமும் குரல் அறுபடவில்லை. இனி நான் தடுக்க வழியில்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில் அதே ஏரியிலிருந்து கிளம்பினார். கிழக்கே போய்ப் புள்ளியாகி, கண்ணுக்கே தெரியாமல் போனார். அப்போது செட்டில் குரல் வந்தது.

"மாமல்லபுரம் லைட் ஹவுஸ் தெரியுது. கடலு தெரியுது. கேக்குதா?"

பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி கேட்டது. பதில் சொல்லப் பித்தானை அழுத்தப் போனால் அழுகைதான் வந்தது. "கேக்குதா? ஏய், கேக்குதா?" என்று அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் அழுதுகொண்டே இருந்தேன்.

பாதியிலேயே திரும்பி வந்து இறங்கினார். நேராக வாலைத்தான் பார்க்கப் போவார் என்று நினைத்தேன். வாலை ஏறெடுத்தும் பார்க்காமல் கரை ஏறி என்னிடம் ஓடி வந்தார்.

"இன்னாடி ஆச்சு உனக்கு? பாம்பு கீம்பு கட்ச்சிட்சா?"