அக்காவின் மடி

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவர் குழந்தைகளின் புற்றுநோய் மருத்துவர் என்பது இந்த நினைவு மலரை வாங்கும் எல்லோருக்கும் தெரியும். அவருடைய ஒரே தங்கையான நான் எவ்வளவு பொறாமைக்காரி என்பது சிலருக்குத்தான் தெரியும்.

அக்கா சின்ன காஞ்சிபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தார். அவர் மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா நூல் சுற்றும் கூலியில்தான் படிப்பு முடிந்தது. எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. "உனக்கு அண்ணனும் நான்தான்டி" என்று என் கல்யாணத்தில் அக்கா சொன்னார். அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அரசு மருத்துவமனையில் ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளைப் பார்த்தார். முதல் மருந்துகளில் கொட்டிய முடி திரும்ப வளர்ந்ததும் பல பெற்றோர் சிகிச்சையின் பாதியிலேயே வராமல் நின்றுவிட்டார்கள். ஏன் என்று ஊர் ஊராகப் போய் விசாரித்ததுதான் அவருடைய ஆராய்ச்சி. பிள்ளை பிழைத்தால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டவர்கள், வளர்ந்த முடியைக் கோயிலில் இறக்கிவிட்டு, நோயும் அதோடு போய்விட்டது என்று இருந்தார்கள். அக்கா சாமியோடு சண்டைக்குப் போகவில்லை. "கடைசி மாத்திரை முடியட்டும்மா. அப்புறம் மொட்டை போடுங்க. நானே வரேன்" என்றார். சொன்னபடி ஒவ்வொரு மொட்டைக்கும் போனார். பாதியில் நிற்பவர்கள் குறைந்தார்கள். அதைப் பற்றி மாநாடுகளில் கட்டுரை படித்தார், கைதட்டலும் வாங்கினார்.

என் மகளுக்குக் காது குத்தும் நாளிலும் வாலாஜாபாத் பக்கம் ஒரு மொட்டை. மொட்டை போடுவதும் காது குத்துவதும் தாய்மாமன் மடியில் வைத்துத்தான். மாமன் இடத்தில் அக்கா உட்காருவார் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

"நீ வருவியா, மாட்டியாக்கா?" என்று போனில் கத்தினேன்.

"உன் பொண்ணு நல்லா இருக்குதுடி. அங்க நான் போகலன்னா அடுத்த புள்ளையோட அம்மா என்னை நம்பமாட்டா."

என் மகள் வேறு யார் மடியிலோ உட்கார்ந்து காது குத்திக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

அக்கா படுக்கையில் விழுந்தபின் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். இனியாவது எனக்கு மட்டும் என்று நினைத்தேன். தாய்மார்களின் போன் ஓயவில்லை. நான் ஒளித்து வைத்தால், "யாருடி கூப்ட்டுக்கினே இருக்காங்க, குடு" என்று கை நீட்டுவார். மூச்சு வாங்கிக்கொண்டே மருந்து அளவு சொல்வார்.

போன மாதம் முசரவாக்கத்திலிருந்து ஒரு தாய் தன் சிறுமியோடு வந்தார். "மாத்திரை முடிஞ்சிடுச்சும்மா. டாக்டரம்மா மடியில வச்சிக்கிறேன்னு சொல்லியிருந்தாங்க. எனக்கும் அண்ணன் தம்பி இல்ல. நீங்க வரணும்."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். 'எனக்கும்' என்றது என்னை நிறுத்திவிட்டது. என் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். கத்தி தலையில் பட்டும் அந்தச் சிறுமி அழவில்லை. என் மடியில் நெளிந்து பார்த்துவிட்டு, "டாக்டரம்மா மடி இன்னும் மெத்துன்னு இருக்கும்" என்றாள்.

"அப்படியாம்மா?" என்று என் மகள் என்னைக் கேட்டாள். அந்த மடியில் காது குத்திக்கொள்ளாத அவளுக்கு எப்படித் தெரியும்?

அக்காவோடு உழைத்த மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், கடைசி நாட்களில் உதவிய அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தாய்மார்களே, உங்களுக்கும்தான். எங்கள் அக்காவை நீங்கள்தான் அதிகம் வைத்துக்கொண்டீர்கள். அவர் வருவதாகச் சொன்ன மொட்டைகள் இன்னும் இருந்தால் என்னை அழையுங்கள், வருகிறேன். ஆனால் சும்மா வரமாட்டேன். அக்காவைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றை உங்கள் பிள்ளை என் மடியில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.