சஹனில் ஆறாவது ஆள்

சம்பளம் இல்லாமல் வேலை செய்வதற்காக ஒருத்தி கடல் கடந்து வருவாள் என்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், காய்ச்சலா என்று அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பேன். நான் எட்டு வருஷம் குவைத்தில் வீட்டு வேலை செய்தவள். எனக்குத் தெரிந்து வெளிநாடு போவது சம்பளத்துக்குத்தான், அதுவும் அழுதுகொண்டுதான். ஆனால் போன வருஷம் காற்றுப் பருவம் தொடங்கிய நேரம், எத்தாளையில் எங்கள் வீட்டு வாசலில் ஒல்லாந்துப் பிள்ளை ஒருத்தி முதுகுப்பையோடு வந்து நின்றாள். "உங்கள் வியாபாரத்துக்கு உதவி செய்ய வந்திருக்கிறேன். மூன்று மாதம். சம்பளம் வேண்டாம்" என்று பாடமாக்கிக்கொண்டு வந்த தமிழில் சொன்னாள். வயது இருபத்துநாலு.

பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஒல்லாந்தா? அவங்கட ஆக்கள் கட்டின கற்பிட்டிக் கோட்டையத் திருப்பிக் கேட்டு வந்தவளோ?" என்றார். அதை நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்தப் பிள்ளையின் முகம் செம்பரத்தம்பூ மாதிரிச் சிவந்துவிட்டது.

சிறு வியாபாரம் செய்யும் பெண்களுக்கு உதவும் ஒரு அமைப்புதான் அவளை அனுப்பியிருந்தது. என் வியாபாரம் வீட்டின் பின்பக்கக் குசினியில் நடந்தது. நானும் அயலில் உள்ள இரண்டு பெண்களுமாகச் சோற்றுப் பார்சல் கட்டிக் கடைகளுக்குக் கொடுத்தோம். அதில் வீடு ஓடவில்லை. மீன் லொறி ஓட்டும் என் கணவருடைய உழைப்பைச் சேர்த்தும் ஓடவில்லை. நான் குவைத்தில் வேலை செய்த வீட்டார் என்னைத் திரும்பக் கேட்கிறார்கள் என்று ஏஜென்சிக்கார நானா மாதத்துக்கு ஒரு தடவை போன் எடுப்பார். எங்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன். "நோன்பு வரைக்கும் பாப்பம் நானா. சரிவராட்டி வாறன்" என்று சொல்லி வைத்திருந்தேன். என் மகளுக்கு அது தெரியும். நான் முதன்முதலில் போனபோது அவளுக்கு நாலு வயது. திரும்பி வந்தபோது பன்னிரண்டு. வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோலத்தான் ஒரு கிழமை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை அவளை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. மனம் சோறு போடாதே, அதுதான் பிரச்சினை.

கண்டக்குழியில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்கள் தங்குவதற்கு ஓலைக் குடில்கள் கட்டிய அண்ணன் ஒருவர் இருந்தார். முன்பு கடலுக்குப் போனவர், வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் ஆட்களை மாதா கோயில் பூசைக்கு அனுப்பிவிடுவதால் அன்றைக்கு மட்டும் பகல் சாப்பாட்டுக்கு வெளியில் ஆள் தேடிக்கொண்டிருந்தார். அந்த வேலை கிடைத்தால் நான் போகத் தேவையில்லை.

என் மனதில் சஹன் இருந்தது. சஹன் என்றால் பெரிய வட்டத் தட்டு. நெய்ச்சோறு, நடுவில் பொரித்த கோழி, சுற்றிவர இறைச்சிக் கறி, கத்தரிக்காய் மோஜு, அச்சாறு. ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து கையால் சாப்பிடுவது. எங்கள் கல்யாண வீடுகளில் வேறு மாதிரிச் சாப்பாடே கிடையாது. நான் வாயைத் திறப்பதற்குள் ஒல்லாந்துப் பிள்ளை மடிக்கணினியைத் திறந்துவிட்டாள். ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு கிண்ணம் சோறு கவிழ்த்து வைக்க வேண்டும், மேலே ஒரு கரட் பூ. தனித்தனியாக இருந்தால்தான் வெளிநாட்டவருக்குப் பிடிக்குமாம்.

நான் "ஓம், சரி" என்றேன்.

உள்ளுக்குள் எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி வெடித்துக்கொண்டிருந்தேன். பால்குடி மறக்காத பிள்ளை எனக்குச் சோறு போடச் சொல்லித் தருகிறதா? ஆனாலும் "ஓம்" என்றேன். அண்ணன் ஒரு தடவை செய்து காட்டச் சொன்ன அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கண்டக்குழியில் குனிந்த தலை நிமிராமல் பதினொரு கரட் பூ வெட்டினேன்.

பதினோராவது தட்டில் பூ வைத்து முடிக்கும்போது முதல் தட்டுச் சோறு ஆறி விறைத்துவிட்டது. பட்டத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த பெரிய உடம்புக்காரர் ஒருவர் நாலு வாயில் தட்டைக் காலி செய்துவிட்டு அங்குமிங்கும் பார்த்தார். அவருக்குப் பக்கத்திலிருந்த பெண் பாதியை அப்படியே மிச்சம் வைத்தாள். ஓலைக் குடில் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ருசியில பிழை இல்ல தங்கச்சி. ஆனா இந்த மாதிரித் தட்டு கொழும்பில எந்த ஹோட்டல்லயும் கிடைக்கும்தானே. அதுக்கு நான் ஏன் உங்கள்ட்ட வரணும்? வாற ஞாயிறு இன்னொருக்காப் பாப்பம். அதுவும் சரிவராட்டி நான் வேற ஆள் பாக்கத்தான் வேணும்."

வீட்டுக்கு வந்து குசினிக் கதவைச் சாத்தினேனோ இல்லையோ, ஒல்லாந்துப் பிள்ளையை ஏசத் தொடங்கிவிட்டேன். குவைத்தில் படித்த அறபு பாதி, இங்கிலீஷ் பாதி, மிச்சம் கையும் கரண்டியும். "ஒன்ட கரட் பூவக் கொண்டு போய்க் கடல்ல போடு! எங்கட ஊருல ஆறு பேர் ஒரு தட்டுல சாப்பிடுவாங்க, சோறு ஆறாது, பெரிய வகுறுக்கும் சின்ன வகுறுக்கும் அதுலயே கணக்குச் சரியாப் போகும், தெரியுமா?"

அவள் அழவில்லை. "உங்களுக்கு இது தெரியும். ஏன் எனக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டாள்.

"நீ எங்க கேட்ட?"

"நான் கேட்கவில்லை. அது என் பிழை. நீங்கள் ஏன் ஓம் சொன்னீர்கள்?"

எட்டு வருஷம் மேடம் எது சொன்னாலும் "ஓம்" சொல்லிப் பழகிய வாய் இது. வெள்ளைத் தோலோடு ஒருத்தி வீட்டுக்குள் வந்து பேசினால், அவள் என்னைவிட எவ்வளவு சின்னவள் என்றாலும், அந்த வாய் தன்பாட்டில் ஓம் சொல்லிவிடுகிறது. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. கரண்டியைக் கழுவத் தொடங்கினேன். அவள் மெல்ல, "ராத்தா, நான் வியாபாரம் படித்தேன். ஆனால் இன்றுவரை ஒரு முட்டைகூட விற்றதில்லை" என்றாள். அக்காவை நாங்கள் ராத்தா என்போம். என் மகள்தான் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யா ரப்பே, இரண்டு பேரில் யார் கூடுதல் மடைச்சி என்று யோசித்தேன்.

அந்த வியாழக்கிழமை கனமூலையில் என் மாமி மகனுக்கு வலீமா, கல்யாண விருந்து. அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார வைத்தேன். கேத்தலில் தண்ணீர் வந்தது, கை கழுவினோம். சஹன் வந்தும் யாரும் தொடவில்லை.

"ஏன் சாப்பிடவில்லை?" என்று என் காதில் கேட்டாள்.

"அஞ்சு பேர்தானே இருக்கிறம். ஆறாவது ஆள் வரணும்" என்றேன்.

நீல முந்தானைக்காரி ஒருத்தி வந்து ஆறாவதாக உட்கார்ந்த பிறகுதான் பிஸ்மி சொன்னோம். அந்தப் பெண்ணுக்கு இவள் யாரென்றே தெரியாது. கோழியின் நெஞ்சுத் துண்டைப் பிய்த்து, தன் பக்கம் வைக்காமல் இவள் பக்கம் தள்ளிவிட்டு, "தின்னுங்க மகள், வெக்கப்படாதீங்க" என்றாள். ஒல்லாந்துப் பிள்ளை அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாப்பிட்டாள். மாஷா அல்லாஹ், நன்றாகவே சாப்பிட்டாள். திரும்பும் வழியில் பஸ்ஸில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "ஞாயிற்றுக்கிழமை நான் தட்டுத் தூக்குகிறேன். மற்றதெல்லாம் நீங்கள் சொல்லுங்கள்."

சொன்னேன். இந்தத் தடவை வாய் நிறையச் சொன்னேன். பாய் எங்கே விரிப்பது, ஆண்கள் எந்தப் பக்கம், பெண்கள் எந்தப் பக்கம், யார் தண்ணீர் ஊற்றுவது. அவள் ஓலைக் குடிலில் வந்தவர்களைக் கூட்டி வைத்து, கையால் எப்படிச் சாப்பிடுவது, நல்ல துண்டை ஏன் பக்கத்தில் உள்ளவருக்குத் தள்ள வேண்டும் என்று அவர்களுக்கு விளங்கும் பாஷையில் சொன்னாள். ஆண்கள் ஆறு பேர். போன கிழமை வயிறு நிறையாத அந்தப் பெரிய உடம்புக்காரரும் சம்மணம் கட்ட முடியாமல் சரிந்து உட்கார்ந்தார். பெண்கள் நாலு பேர். ஒல்லாந்துப் பிள்ளை ஐந்தாவதாக உட்கார்ந்தாள். நான் பெண்களின் சஹனை நடுவில் வைத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றேன்.

யாரும் சாப்பிடவில்லை.

"என்ன? உப்புக் கூடிட்டா?" என்றேன் பதறிப்போய். ஒருவரும் இன்னும் வாயிலேயே வைக்கவில்லை என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

"ராத்தா, ஐந்து பேர்தான் இருக்கிறோம்" என்றாள் அவள். நகர்ந்து இடம் விட்டாள்.

குவைத்தில் அந்த வீட்டில் ஒன்பது பேருக்கு எட்டு வருஷம் சமைத்தேன். அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு, மிஞ்சியதைக் குசினியில் நின்றுகொண்டு சாப்பிட்டேன். நான் சமைத்ததை யாருக்குச் சமைத்தேனோ அவர்களோடு உட்கார்ந்து ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. உட்காரலாம் என்று நினைத்ததுகூட இல்லை. இப்போது கால் மடங்க மாட்டேன் என்றது. ஓலைக் குடில் அண்ணன் பின்னாலிருந்து, "உக்காருங்க தங்கச்சி, சோறு ஆறுது" என்றார். உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்தில் வெயிலில் மூக்கு உரிந்த ஒரு வயதான வெள்ளைக்காரி. கோழியோடு கொஞ்ச நேரம் போராடி ஒரு துண்டைப் பிய்த்தெடுத்தாள். கொஞ்சம் கோணல்மாணலாக அதை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

நான் அழுதேன். அத்தனை பேர் முன்னாலும் அழுதேன், ஒளிக்கவில்லை. அழுதுகொண்டே அந்தத் துண்டைச் சாப்பிட்டேன். நான் சமைத்தது என்பதற்காகச் சொல்லவில்லை, நல்ல ருசி.

எல்லாரும் கை கழுவிக்கொண்டிருக்கும்போது அண்ணன் வந்து, "காத்துப் பருவம் முடியுமட்டும் எல்லா ஞாயிறும் நீங்கதான். காத்து விட்டாலும் கடல்ல ஓங்கில் மீன் துள்ளுறதப் பாக்க ஆள் வரும், அப்பவும் நீங்கதான்" என்றார். நான் ஓம் என்றேன். இந்த ஓம் எனக்குப் பிடித்திருந்தது.

ஒல்லாந்துப் பிள்ளை மூன்று மாதம் முடிந்து ஊருக்குப் போனாள். என் மகள் அவளைக் கட்டிப் பிடித்து அழுதாள். நானும்தான்.

நோன்புக்குப் பத்து நாளைக்கு முன் ஏஜென்சிக்கார நானா போன் எடுத்தார். என் கையெல்லாம் மாவு. நான் துடைத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் மகள் போனை எடுத்துவிட்டாள்.

"உம்மா குவைத்துக்கு வர மாட்டாங்க நானா" என்றாள் சத்தமாக. "எங்கட உம்மாக்கு ஞாயித்துக்கிழம இங்க வேல இரிக்கி. மத்த நாள்ல நான் இரிக்கிறன்."

பெரியவர்கள் பேசும் இடத்தில் வாய் வைத்ததற்கு அவளை ஏசியிருக்க வேண்டும். நான் ஏசவில்லை. அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பி, நான் இனித்தான் ஏதோ சொல்லப் போகிறேன் என்பதுபோல என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியாத்தான் சொல்லியிருக்கிறாய்" என்றேன்.